முதன்மைத் தேர்வில் நடப்புச் செய்தி: கருத்து எங்கே முடிகிறது, விடை எங்கே தொடங்குகிறது

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில் மூன்று மணி நேரத்துக்குள் இருபது வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். பாதி வினாக்கள் 10 மதிப்பெண்ணுக்கும் மீதி 15 மதிப்பெண்ணுக்கும் உரியவை. ஒன்றுக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம்தான் கிடைக்கும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பதால், தமிழில் எழுதுபவருக்கு அந்த ஒன்பது நிமிடத்திலும் ஒரு பகுதி வினாவைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். எனவே, ஒரு செய்தியைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதைத் தேர்வறையில் உட்கார்ந்து முடிவு செய்ய இயலாது. அந்த வேலை செய்தித்தாள் வாசிக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். தமிழ்வழியில் இத்தேர்வை எழுதியவன் என்ற முறையிலும், பின்னர் பிறருடைய விடைத்தாள்களைத் திருத்தி வருபவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் தேர்வர்களுக்கு அரசியல் கருத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கட்சிப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அது ஒரு பலமும்கூட. ஆனால் விடைத்தாளில் அந்தக் கருத்து அப்படியே வந்து இறங்கும்போது, திருத்துபவர் இரண்டாவது வரியிலேயே எழுதியவர் எந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தார் என்பதைக் கண்டுகொள்கிறார். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று வினா கேட்பது கண்டனத்தை அன்று. ஒரு நிலைப்பாட்டின் அடிப்படை எவ்வளவு உறுதியானது என்று சோதித்துப் பார்க்கும் பொறுமையை.

எல்லாரும் அறிந்த ஒரு செய்தியைக் கொண்டே இதை விளக்குகிறேன். தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் ஆளுநர் 2023 நவம்பரில் திருப்பி அனுப்பினார். சில நாட்களிலேயே சட்டமன்றம் சிறப்புக் கூட்டத்தில் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அவ்வாறு அனுப்பியது சட்டவிரோதம் என்று கூறி, முழுமையான நீதி வழங்கத் தனக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று அறிவித்ததுடன், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரம்புகளையும் விதித்தது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அத்தகைய காலவரம்பை நீதிமன்றம் விதிக்க இயலாது, மசோதா தானாக ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளவும் இயலாது என்று கருத்துரைத்தது.

ஏப்ரலில் ‘வரலாற்று வெற்றி’ என்றும் நவம்பரில் ‘பெரும் பின்னடைவு’ என்றும் தலைப்புகள் வந்தன. எதிர்த்தரப்பு இதே சொற்களை இடம்மாற்றிப் போட்டுக்கொண்டது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நவம்பர் கருத்துரையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று வாசித்தவருக்கு வேறு இரண்டு செய்திகள் கிடைத்திருக்கும். ஒன்று, மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை வெறுமனே நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை. மற்றொன்று, காரணம் கூறாமல் நீண்டகாலம் முடிவெடுக்காமல் இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் வரையறுக்கப்பட்ட அளவில் உத்தரவிடலாம். ஆக, காலவரம்பு போனது, ஆனால் கேள்வி கேட்கும் உரிமை போகவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையே மதிப்பெண்ணில் வித்தியாசம் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு படி பின்னே போகலாம். மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய 200ஆவது பிரிவில், மசோதாவை ‘இயன்ற அளவு விரைவாக’ திருப்பி அனுப்பலாம் என்றுதான் இருக்கிறது. அரசியலமைப்பு வரைவில், குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய இணையான பிரிவில் ஆறு வாரம் என்ற வரம்பு இருந்தது. அரசியல் நிர்ணய சபை அதை நீக்கிவிட்டே அங்கு இந்தச் சொற்களைச் சேர்த்தது; ஆளுநருக்கான பிரிவிலும் இதே சொற்களே இடம்பெற்றன. இந்தத் தகவல் இரு தரப்புக்கும் உதவும்: வரம்பு வேண்டாம் என்று முன்னோர் முடிவு செய்தார்கள் என்று ஒருவர் வாதிடலாம், விரைவு வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை என்று மற்றவர் வாதிடலாம். மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம், ஆளுநர் முடிவெடுக்க ஆறு மாத வரம்பை 2010இல் பரிந்துரைத்தது. மேலும், அந்த 10 மசோதாக்களில் இரண்டு 2020இல், அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை. கட்சிக் கண்ணாடி அணிந்து இந்தச் செய்தியை வாசிப்பவர் இந்த விவரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் விட்டுவிடுவார். வாதமோ அங்கேதான் வலுப்பெறுகிறது, ஏனெனில் பிரச்சினை ஒரு கட்சிக்கும் ஒரு ஆளுநருக்கும் இடையிலானது மட்டும் அன்று என்பதை அது காட்டுகிறது.

இத்தகைய ஒவ்வொரு விவகாரத்துக்கும் ஒரே ஒரு தாள் வைத்துக்கொள்ளுமாறு நான் சொல்வதுண்டு. மேலே, நடந்தது என்ன என்பதைப் பெயரடைகள் இல்லாமல் நான்கு வரியில் எழுத வேண்டும். அதற்குக் கீழே, நமக்கு உடன்பாடில்லாத தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பைச் சேர்ந்தவரே வாசித்தாலும் ‘ஆம், இதைத்தான் சொல்கிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும் வகையில் எழுத வேண்டும். இதுதான் கடினமான பகுதி, பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு நம் முடிவும் அதற்கான காரணமும். தாளின் கீழ்ப்பாதி காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் மேற்கண்டதைப் போல ஏப்ரல் செய்தி நவம்பரில் மாறும். மாத இதழ்களும் பயிற்சி மையக் குறிப்புகளும் இந்த வேலையைச் செய்து தரமாட்டா. அவை தகவலைத் தரும், அவ்வளவே.

விடையில் இது எப்படி உருவெடுக்கும் என்பதற்கு ஒரு பத்தி: “சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் காலவரையின்றி நிறுத்திவைப்பது மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் அதிகாரத்தைப் பயனற்றதாக்குகிறது. அதே வேளையில், நீதிமன்றமே ஒப்புதல் கிடைத்ததாக அறிவிப்பது ஓர் அரசியலமைப்புப் பதவியின் பணியை மற்றொரு அமைப்பு மேற்கொள்வதாகிறது. எனவே, புஞ்சி ஆணையம் பரிந்துரைத்ததைப் போன்ற ஒரு வரம்பை அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக 200ஆவது பிரிவில் சேர்ப்பதே பொருத்தமான தீர்வு.” இதில் ஆளுநரின் பெயரோ முதலமைச்சரின் பெயரோ இல்லை, ஆனால் நிலைப்பாடு இருக்கிறது. ‘இரு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும்’ என்று முடியும் விடைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அவை நடுநிலையானவை அல்ல, வெறுமையானவை.

அரசை விமர்சித்தால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் அடிக்கடி கேட்கப்படுகிறது. காரணம் காட்டி விமர்சிப்பதில் ஆபத்து ஏதுமில்லை. அரசின் தணிக்கை அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அரசை விமர்சிப்பவையே.

சமூகச் செய்திகளில் சிக்கல் வேறு வகையானது. அங்கே ஏமாற்றுவது பெரும்பாலும் எண்தான். தொழிலாளர் கணக்கெடுப்பின்படி பெண்களின் உழைப்புப் பங்கேற்பு (வேலை செய்யும் அல்லது வேலை தேடும் பெண்களின் விகிதம்) 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24இல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. ஆதரவாளர் இதைச் சாதனை என்பார்; எதிர்ப்பாளர் எண்ணையே நம்பமாட்டார். இரண்டும் சோம்பேறித்தனமான பதில்கள். கிராமப்புறத்தில் இது 24.6இலிருந்து 47.6 ஆகவும், நகர்ப்புறத்தில் 20.4இலிருந்து 28 ஆகவும் உயர்ந்திருப்பதைப் பிரித்துப் பார்த்தால், ஏற்றத்தின் பெரும்பங்கு கிராமத்தில் நிகழ்ந்தது தெரியும். வேலையில் உள்ள பெண்களுள் சுயதொழில் செய்வோரின் பங்கு இதே காலத்தில் 51.9இலிருந்து 67.4 சதவீதமாகியிருக்கிறது. சொந்த வயலில் களையெடுப்பவரும், கணவரின் கடையில் ஊதியமின்றி உதவுபவரும் இந்தப் பிரிவில் அடங்குவர். கூடுதலான பெண்கள் கணக்கில் வந்திருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் கையில் கூடுதலாகச் சம்பளம் வந்ததா என்பது தனிக் கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியை எழுப்புவதுதான் விமர்சன வாசிப்பு. குற்றப் புள்ளிவிவரங்களுக்கும் இது பொருந்தும்: வழக்குப் பதிவு அதிகரிப்பதும் குற்றம் அதிகரிப்பதும் ஒன்றல்ல என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது, எந்த மாநிலம் ‘மோசம்’ என்று தரவரிசை போடும் செய்திகளில் அந்த எச்சரிக்கை இடம்பெறுவதில்லை.

நேர்முகத் தேர்விலும் இந்தத் தாள்கள் உதவும். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்றால் நீட், தொகுதி மறுசீரமைப்பு, மும்மொழிக் கொள்கை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே செல்லலாம். உங்கள் நிலைப்பாட்டைச் சொன்னதும், குழுவில் ஒருவர் அதற்கு நேர் எதிரான வாதத்தை முன்வைப்பார். அவர் அதை நம்பவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. தாளின் நடுப்பகுதியை நேர்மையாக எழுதியவருக்கு அந்த வாதம் முன்பே அறிமுகமாகியிருக்கும். அதன் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு எந்த இடத்தில் மாறுபடுகிறீர்கள் என்பதை ஒரே காரணத்துடன் சொன்னால் போதும்; மூன்று காரணங்களை அடுக்கினால் அவற்றுள் பலவீனமானதையே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.