சம்பளச் சீட்டில் இன்னொரு கம்பெனி

அக்டோபர் 6, தக்கலை

நெதர்லாந்துக்காரர்கள் ஒருவழியாக என்னை முழுநேர ஆளாக எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு இந்தியாவில் கம்பெனிப் பதிவு கிடையாது. அதனால் பெங்களூர் கம்பெனி ஒன்று காகிதத்தில் என்னை வேலைக்கு வைத்து, சம்பளம் போட்டு, பிஎஃப் கட்டி, வருமான வரியும் (டிடிஎஸ்) பிடிக்கும். வேலை சொல்வது மட்டும் நெதர்லாந்து. ‘எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட்’ என்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பெங்களூருக்குக் கட்டணம் போகும்.

அக்டோபர் 8

மாமாவிடம் சொன்னேன். சவூதியில், ஜுபைலில் பைப் ஃபிட்டராக இருந்தவர். முழுசாகக்கூடக் கேட்கவில்லை. “மக்ளே, இது சப்ளை கம்பெனில்லா!”

அவருக்கு இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, ஒருவன் பெயரில், வேலை இன்னொருவன் பிளாண்டில். பிளாண்ட்காரன் மணிக்கணக்குப் பார்த்து சப்ளைக்காரனுக்குக் கொடுப்பான். அதில் மாமா கைக்கு எவ்வளவு என்பது சப்ளைக்காரன் இஷ்டம். பாஸ்போர்ட்டும் அவன் அலமாரியில்தான். “சம்பளம் நின்னா இவன் அவங்கிட்ட கேளும்பான், அவன் இவங்கிட்ட கேளும்பான்.”

என் பாஸ்போர்ட் என் பீரோவில் இருக்கிறது என்றேன். சிரித்தார். “வீட்டுல இருந்து வேல செய்யவளுக்கு அது எதுக்கு? ஒப்பந்தத்த வாசி.”

அக்டோபர் 9

வாசித்தேன். 26 வார மகப்பேறு விடுப்பு இருக்கிறது. இவ்வளவு நாளும் பில் போட்டுக் காசு வாங்கிய எனக்கு அது பெரிய விஷயம். பிஎஃப் என் பங்கு 12 சதவீதம், கம்பெனிப் பங்கு 12 சதவீதம். அந்தக் கம்பெனிப் பங்கும் பேசிய தொகைக்குள்ளேயே அடக்கம். ஆக, கைக்கு வருவது குறையும். இதற்குத் தலைப்பு ‘சலுகைகள்’!

லீவுப் பட்டியல் கர்நாடகத்துடையது. நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு லீவு. பரவாயில்லை, 1956இல் அதே நாளில்தானே நம் குமரி மாவட்டமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குத்தான் ஒன்றும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் உறுத்தியது ஒன்று: நெதர்லாந்துக்கும் பெங்களூருக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் என் வேலையும் முடியும். 30 நாள் நோட்டீஸ், அவ்வளவுதான்.

அக்டோபர் 13

இரண்டு பேருக்கும் எழுதினேன். பெங்களூர்: “இது எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம், மாற்றுவதானால் கிளையண்ட் சொல்ல வேண்டும்.” நெதர்லாந்து: “உங்கள் முதலாளி அவர்கள்தான், அவர்களிடம் கேளுங்கள்.”

மாமாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 17

தனித்தனியாகக் கேட்டால் ஆகாது என்று இருவரையும் ஒரே வீடியோ காலில் உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. 60 நாள் நோட்டீஸ், முழுச் சம்பளத்தோடு. என் ஒப்பந்தத்தில் மட்டும் எழுதினால் போதாது, அவர்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்திலும் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அங்கிருந்து பணம் வராவிட்டால் பெங்களூர்காரன் தன் கைக்காசைப் போட்டா கொடுப்பான்? சவேரியாருக்கு மாற்று லீவு எடுத்துக்கொள்ளலாமாம்.

அக்டோபர் 20

திருத்திய ஒப்பந்தம் வந்தது. ஆதார் ஓடிபி போட்டுக் கையெழுத்தும் ஆயிற்று. அப்புறம் பழைய யுஏஎன், அதாவது பிஎஃப் நம்பர், கேட்டிருக்கிறார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு டிரெயினில் போய்வந்த காலத்து நம்பர். நாளை அரசின் உமாங் ஆப்பில் தேட வேண்டும்.