மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி

வேலூர் சத்துவாச்சாரில பிஎஃப் க்ளெயிம், இன்கம்டாக்ஸ் ஃபைலிங்னு சின்னதா ஒரு ஆபீஸ் வச்சிருக்கேன், வர்றவங்கள்ல பாதிப்பேர் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி, தோல் ஷாப்ல ரிட்டயர் ஆனவங்கதான். முன்னாடி ஒருத்தருக்கு மாச வருமானம் எவ்ளோன்னு எக்செல்ல போட்டுப் பாக்கறதுக்குள்ள பாதி ஞாயித்துக்கிழமை போயிடும், இப்ப ஏஐகிட்ட கேட்டா டீ ஆறுறதுக்குள்ள வந்துடுது. (பேரு, ஆதார் நம்பர் எதையும் அதுல போட மாட்டேன், தொகையும் வயசும் மட்டும்தான்.)

2024ல ஆம்பூர்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், 1998ல சேந்தவரு, வயசு 58. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேத்து 24 லட்சம். ஏஐ போட்டுக் குடுத்த கணக்கு: சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல 15 லட்சம், 8.2 பர்சன்ட், மாசம் 10,250. போஸ்ட் ஆபீஸ் மாத வருமான திட்டத்துல 9 லட்சம், 7.4 பர்சன்ட், 5,550. பிஎஃப் பென்ஷன் 6,000. மொத்தம் 21,800. அறுபது ஆகலன்னாலும் ரிட்டயர்மென்ட் பணம் வந்த மூணு மாசத்துக்குள்ள அந்த ஸ்கீம்ல போடலாம்ங்கறது கூட அதுக்கு தெரிஞ்சிருந்துச்சு. அழகா ப்ரின்ட் எடுத்து நீட்டிட்டேன்.

அண்ணன் தலையாட்டிட்டாரு. கூட வந்த அக்கா பேப்பர விடல. "தம்பி, இந்த பத்தாயிரம் மாசாமாசம் வருமா?" இல்லக்கா, மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி மொத்தமா 30,750 வரும், ஏஐ அத மூணா வகுத்துப் போட்டிருக்குன்னேன். "இன்னா தம்பி, பால்காரன் மூணு மாசத்துக்கு ஒரு வாட்டியா காசு கேப்பான்?"

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. அவங்கள ஒக்கார வச்சுட்டு பென்ஷனையும் திருப்பிப் போட்டேன். 26 வருஷ சர்வீஸ், 20 தாண்டினதால கூட ரெண்டு வருஷம், ஆக 28ஐ பென்ஷனுக்கு எடுத்துக்கற சம்பள உச்சவரம்பு 15,000ஆல பெருக்கி 70ஆல வகுத்திருக்கு, பாக்க கரெக்ட்டாத்தான் இருக்கு, ஆனா 2014 செப்டம்பருக்கு முந்தின சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500தான், அத தனியா போடணும். போட்டா நாலாயிரத்த ஒட்டித்தான் நிக்குது. இது எனக்கு தெரிஞ்ச விஷயம்தான், நானே எத்தன பேருக்கு போட்டுக் குடுத்திருக்கேன், ப்ரின்ட் அழகா வந்ததுல நம்பிட்டேன்.

அதுக்கும் மேல, 24 லட்சத்தையும் பூட்டிட்டு கையில ஒத்த ரூபா விடல. சீனியர் ஸ்கீம்ல ஒரு வருஷம் கழிச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள ஒடச்சா அசல்ல ஒன்றரை பர்சன்ட் புடிச்சுக்குவாங்க, அதுக்கப்புறம்னா ஒரு பர்சன்ட். அதனால போஸ்ட் ஆபீஸ்ல 6 லட்சமா குறைச்சு, 3 லட்சத்த பேங்க்லயே விடச் சொன்னேன். மாசம் 17,950னு எறங்கிடுச்சு. அண்ணன் மூஞ்சியும் எறங்கிடுச்சு.

அக்கா பேப்பர மடிச்சு பைக்குள்ள வச்சுக்கினே, "பெரிய பொண்ணுக்கு இந்த வருஷம் தல ஆடி, சீர் செய்யணும், அத எதுல எழுதியிருக்க?"ன்னாங்க.

திரும்பவும் பேனாவ எடுத்தேன்.