எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் பள்ளிக்கூடம்

முதலில் பஸ் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு ஓர் ஆம்னி பஸ்ஸில் 1,900 ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் முகூர்த்த நாளாம், அதனால் அந்த விலையாம். அவ்வளவு வாங்கிக்கொண்டும் என் படுக்கைக்கு மேலே இருந்த ஏ.சி. துவாரத்திலிருந்து விடிய விடியத் தண்ணீர் சொட்டியது. பஸ் உதவியாளரை எழுப்பிச் சொன்னால், “துண்டு இருந்தால் வைத்து அடைத்துக்கொள்ளுங்கள் சார்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அந்தப் பணத்தில் ஒரு குடும்பமே ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியில் போய்ச் சேர்ந்திருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரண்டும் எழும்பூரில் இரவில் கிளம்பி அதிகாலையில் கோவில்பட்டியில் இறக்கிவிடுகின்றன. முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் முகூர்த்த நாள் விலைதான்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனம் முழுக்க, நான் சிறுவயதில் படித்து இப்போது பார்க்கப் போயிருந்த அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடக்கிறது. வழியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, அரைமணி நேரம்தான். சிக்கல் அதற்கு அப்புறம். எட்டயபுரத்திலிருந்து எங்கள் ஊர் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்டார் ஒருவர். “திரும்பும்போது காலியாக அல்லவா வர வேண்டும் அண்ணாச்சி” என்றார். 300 என்றேன், அசையவில்லை. காலை நேரத்தில் வேறு வண்டி இல்லை என்பது அவருக்குத் தெரியும். வெளியூர்ப் பையைத் தோளில் பார்த்ததும் விலை ஏறிவிடுகிறது, இது எந்த ஊரிலும் நியாயம் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து மினி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வர வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி கழித்து வந்தது. அதனால் பள்ளியில் காலைச் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்க முடியாமல் போனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்த மினி பஸ் பயணத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தை மாதம், கரிசல் முழுக்க அறுவடை. தார்ச்சாலையில் உளுந்துச் செடியை வேரோடு பரப்பிவைத்திருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறிப் போக, நெற்று வெடிக்கும் சத்தம் தரைப்பலகை வழியாக மேலே கேட்டது. ஓரத்தில் நின்ற பெண்கள் பஸ் கடந்ததும் சாலைக்கு வந்து செடியைப் புரட்டிப் போட்டார்கள். ஓட்டுநர் யாரையும் திட்டவில்லை, ஒலிப்பானும் அடிக்கவில்லை. அவர் வீட்டு உளுந்தும் அங்கே எங்காவது கிடந்திருக்கும்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பழைய கட்டடம் இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த வகுப்பறைகளை இடிக்கச் சொன்னார்கள். அதில் எங்கள் சீமை ஓட்டுக் கட்டடமும் போனது. இடித்தது சரிதான், பிள்ளைகளின் தலைக்கு மேலே ஆபத்தை வைத்துக்கொண்டு பழமையைக் கொண்டாட முடியாது. ஆனாலும் அந்தத் திண்ணை நினைவிலிருந்து போகவில்லை. மழைநாளில் கரிசல் மண் காலில் அப்பி, இன்னொரு செருப்பு போட்டதுபோல ஒட்டிக்கொண்டு வரும். அந்தத் திண்ணையின் விளிம்பில்தான் எல்லோரும் குச்சியால் வழித்துவிட்டு உள்ளே போவோம். ஆண்டுக்கணக்கில் வழித்து வழித்து அந்த விளிம்பு உள்வாங்கிப் பள்ளமாகவே ஆகியிருந்தது.

வேப்பமரம் அப்படியே நிற்கிறது. நாங்கள் படித்தபோது அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. அதை அடிக்கும் உரிமை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். வெள்ளிக்கிழமை மதியம் கரும்பலகைக்குக் கரி பூசும் வேலை. ஊமத்தை இலையையும் அடுப்புக் கரியையும் பள்ளிக்குப் பின்னால் இருந்த கல்லில் வைத்து அரைப்போம். பச்சையும் கருப்பும் சேர்ந்து கூழாக வரும். துணியில் தொட்டுப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கை எடுக்காமல் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் திட்டு விழுந்துவிடும், திங்கட்கிழமை வாத்தியார் எழுதும் எழுத்து அந்த இடத்தில் மட்டும் மங்கும். முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், “கையைக் கழுவாமல் எதையும் தொடாதே, அது விஷம்” என்று அம்மா வாசலிலேயே தண்ணீர் ஊற்றுவார். சொந்தச் சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை போதும். அந்த இலைக்காக வேலிவேலியாக அலைந்து சண்டை போட்டிருக்கிறோம்.

இப்போது அங்கே இரண்டு வகுப்பறைகள், டைல்ஸ் தரை, பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக அடித்த கரும்பலகை, சுவரில் ஒரு பெரிய திரை. 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை மிகவும் அன்பாகப் பேசினார். முன்கூட்டியே போன் செய்து அனுமதி வாங்கியிருந்தேன். போகிறவர்கள் அதைக் கட்டாயம் செய்யுங்கள். விடுமுறை நாளில் போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வேலை நாளில் போங்கள், சாப்பாட்டு மணிவரை இருங்கள்.

ஏன் சாப்பாட்டு மணி என்றால், எங்கள் பள்ளிக்கூட நினைவே அதைச் சுற்றித்தான். காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது இதே எட்டயபுரத்தில். பாரதி மணிமண்டபத்தையும் பாரதி பிறந்த வீட்டையும் பார்க்க வருகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது 1982-இல். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1984-இல். அலுமினியத் தட்டை வீட்டிலிருந்து கொண்டுபோவோம், பையில் அது சிலேட்டோடு மோதும் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பதினொரு மணிக்குப் பிறகு பாடம் காதில் ஏறாது, விறகுப் புகையோடு சாம்பார் வாசனை வகுப்புக்குள் வந்துவிடும். அரசு கொடுத்த பல்பொடி இனிக்கும், அதை வழியிலேயே தின்று தீர்த்தவர்கள் உண்டு. முட்டை மட்டும் கிடையாது. அது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த 1989-இல்தான் வந்தது, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. இன்று வாரத்துக்கு ஐந்து முட்டை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் உண்டு, 2022-இல் மதுரையில் தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அன்று காலை வெண்பொங்கலாம், பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததைத்தான் நான் பார்த்தேன். இதை வீண் செலவு என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்த வரிசையில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலைமை ஆசிரியை இரும்பு பீரோவிலிருந்து எடுத்து வந்தார். செல்லரித்த ஓரம், நீல மை, எங்கள் பெரிய வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்து. என் பெயர் இருந்தது. பிறந்த தேதி என்ற இடத்தில் எங்களில் பலருக்கு மே, ஜூன் என்றே இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, தேதியை வாத்தியார் போட்டுக்கொள்வார்.

கடைசிக் கட்டத்தில்தான் என் விரல் நின்றது. பள்ளியை விட்ட நாள், விட்டபோது படித்த வகுப்பு. என்னோடு சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூன்று, நான்கு என்று எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை, ‘வராமை’.

எங்கே போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். தீப்பெட்டி ஆபீஸுக்கு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வயதுப் பிள்ளைகள் அதில் ஏறுவார்கள், இருட்டியபிறகு இறங்குவார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் அமர்த்தக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. 1987-இலும் பஸ் வந்தது. குடும்பத்தோடு வீட்டில் செய்தால் தடை இல்லை என்று சட்டத்திலேயே ஒரு சந்து வேறு வைத்திருந்தார்கள். நாங்கள் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து, ஒரு மயிலுக்கு இரண்டு கப்பல் என்று மாற்றிக்கொண்டு விளையாடினோம். அந்தப் படங்களைப் பெட்டியில் ஒட்டியது எங்கள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

சமையலறைப் பக்கம் போனபோது முட்டை உரித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் தபால்காரர் வீட்டுப் பையன்தானே?” என்றார். அடுத்த வார்த்தையிலேயே நீங்கள் போய் நீ வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். வாய்ப்பாட்டை எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தவள், பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்கல் இல்லாமல் போகும் குரல். இப்போது இதே பள்ளியில் சமையல் உதவியாளர்.

“நீ ஏன் நின்றாய்?” என்று இத்தனை ஆண்டுகள் கழித்துக் கேட்டேன்.

“இங்கே இருந்தால் எனக்கு ஒருவேளைச் சோறு. ஆபீஸுக்குப் போனால் சனிக்கிழமைச் சம்பளம். வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர்” என்றாள். சொல்லும்போது கை நிற்கவில்லை. முட்டையைத் தரையில் ஒரு தட்டு, உள்ளங்கையில் ஓர் உருட்டு, ஓடு ஒரே சுருளாகக் கழன்று வந்தது. “கட்டை அடுக்கிய கை. பள்ளம் பள்ளமாக இருக்கும் சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒன்று விலகினாலும் மருந்தில் முக்கும்போது இரண்டு தலையும் ஒட்டிக்கொள்ளும், கூலியில் பிடித்துவிடுவார்கள்.”

அன்று தக்காளி சாதமும் மிளகு போட்ட முட்டையும். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசிக் கணக்கு. அளவுப் படியைக் கையில் வாங்காமலேயே, 23-க்கு எவ்வளவு, இரண்டு பேர் வராவிட்டால் எவ்வளவு என்று அவள் மனக்கணக்காகச் சொன்னாள். நான் போனை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பதற்குள் அரிசி உலையில் விழுந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் போனால் இந்தக் கட்டுரையே வீண். பள்ளி வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்கு இழுத்துப்போனாள். கம்மஞ்சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். முதல் நாள் வைத்த குழம்பு, கத்தரிக்காய் போட்டது, மண்சட்டியில் எண்ணெய் மேலே மிதந்து நின்றது. சோற்றுருண்டையின் நடுவில் கட்டை விரலால் குழி செய்து அதில் குழம்பை ஊற்றி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இடித்துச் சாப்பிட வேண்டும். கம்பு தொண்டையில் இறங்கும்போது கொஞ்சம் உரசும், அந்த உரசலுக்குத்தான் புளியும் காரமும். சென்னையில் சிறுதானிய உணவகம் என்று பலகை மாட்டி ஒரு கிண்ணம் 250 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலையில் கோவில்பட்டி. கடலை மிட்டாய் வாங்காமல் வராதீர்கள். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியது நல்லது. பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே நீட்டுவதை வாங்காதீர்கள், ஊருக்குள் பழைய கடைகளில் வாங்குங்கள். தங்குவதானால் கோவில்பட்டியிலேயே தங்குங்கள், எளிய அறைகள் கட்டுப்படியான வாடகையில் கிடைக்கின்றன. நான் தங்கவில்லை, இரவு ரயிலுக்கு டிக்கெட் இருந்தது. ஆம்னி பஸ் தவிர்த்து மொத்தப் பயணத்துக்கும் ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

ரயிலில் தூக்கம் வரவில்லை. எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியில் எடுத்த படங்களைப் போட்டேன். இதயங்களும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. மே மாதம் கூடுகை வைக்கலாம், ஆளுக்கு 2,000 ரூபாய், கோவில்பட்டியில் மண்டபம் என்று ஒருவர் கணக்கும் போட்டுவிட்டார். அந்தக் குழு உயர்நிலைப் பள்ளிப் பட்டியலை வைத்துத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் நின்றவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. அதைச் சொன்னேன். “அவர்கள் நம் பேட்ச் இல்லையே” என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு ஆம்னி பஸ் கோபம் ஒன்றுமே இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த வரி அவளுடையது. அந்தப் பக்கத்தைத் தலைமை ஆசிரியையிடம் கேட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்துத்தான் கூடுகை வைக்க வேண்டும், மண்டபம் வேண்டாம், வேப்பமரத்தடியில் வைக்கலாம், 2,000 வசூலிக்காமல் முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன். மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். அவள் எண்ணைக் குழுவில் சேர்த்துவிட்டேன். 1984-இல் எங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர் யாராவது இதைப் படித்தால், எந்த வகுப்போடு நின்றிருந்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள்.