"இத தின்னா கருப்பாயிடுவேன் டீச்சர்"

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துல 14 வருஷமா அங்கன்வாடி டீச்சரா இருக்கேன். போன வருஷம் செப்டம்பர்ல போஷன் மாசத்துக்கு, அதான் அரசு நடத்துற ஊட்டச்சத்து மாசத்துக்கு, அம்மாங்க எல்லாம் வீட்லேர்ந்து சாமை பொங்கல், கீரை அடைன்னு செஞ்சு கொண்டாந்தாங்க, நாங்க ராகி உருண்டை புடிச்சு வச்சிருந்தோம், அப்போ நாலு வயசு பாப்பா ஒன்னு உருண்டைய தள்ளி விட்டுட்டு "இத தின்னா கருப்பாயிடுவேன் டீச்சர்"னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. களி தின்னே காடு கழனி பாத்த ஊரு இது, அந்த வீட்டு புள்ளைக்கே அது வேணாததா போச்சுன்னா யாரு சொல்லி குடுத்தது?

பாப்பாவோட அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, பாட்டிதான் வளக்குறாங்க. சோறு ஊட்டணும்னா கையில போன் குடுக்கணும். வெள்ளையாக்குற க்ரீம், உயரமாக்குற பவுடர், எல்லா விளம்பரமும் அதுக்கு மனப்பாடம். இது நம்மள வாங்க வைக்க போடுறதுன்னு பெரியவங்களுக்கே சில நேரம் தோணாது, நாலு வயசுக்கு எப்டி தெரியும்.

எடை கம்மியா இருந்துச்சுன்னு வீட்டுக்கு போனேன். ரெண்டு கறவ மாடு நிக்குது. பால் முழுசும் சொசைட்டிக்கு போயிடுது, அந்த காசுல பவுடர் டப்பா வாங்கி வெந்நீர்ல கலக்கி குடுக்குறாங்க. "டிவில அந்த புள்ள எப்டி வளருது, எம்பேத்தி மட்டும் வளர வேணாமா டீச்சரம்மா"ன்னு கேட்டப்போ எனக்கு தொண்டை அடச்சுகிச்சு. பாசத்துலதான் செய்றாங்க, அந்த பாசத்தத்தான் விளம்பரம் புடிச்சுக்குது. டப்பாவ திருப்பி சர்க்கரை எவ்ளோன்னு படிச்சு காட்டினேன். நம்ம ராகில 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், பால்ல இருக்கறத விட ரெண்டு மடங்குக்கும் மேலன்னு சொன்னேன். 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைங்கள கூப்ட்டு இந்த மாதிரி பானத்த 'ஹெல்த் டிரிங்க்'னு வகைப்படுத்தி விக்காதீங்க, 2006 உணவு பாதுகாப்பு சட்டத்துல அப்டி ஒன்னு கிடையாதுன்னு சொல்லிடுச்சு, ஆனா அந்த சேதி பாட்டி வரைக்கும் வரல, விளம்பரம் மட்டும் தினமும் வருது.

ஸ்கூலுக்கு 50 மீட்டருக்குள்ள சிப்ஸ், கூல்டிரிங்ஸ் விக்கக்கூடாதுன்னு 2020லயே விதி இருக்கு. எங்க பக்கத்து ஸ்கூல் கேட்டுக்கு எதிர்லயே சரம் சரமா தொங்குது.

இப்போ பாட்டி காலையில ஒரு டம்ளர் பால் எடுத்து வச்சிட்டுதான் மிச்சத்த சொசைட்டிக்கு ஊத்துறாங்க. பாப்பா எடை கொஞ்சம் ஏறிருக்கு. களிய மட்டும் இன்னும் தொட மாட்டேங்குது.