பெரியவர்

இந்த நாட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் எனக்குக் கிடைத்த வேலை, குதிரை லாயத்தில் லத்தி அள்ளுவது. படித்த படிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குதிரையை அவ்வளவு அருகில் பார்த்ததும் அன்றுதான். பொய் சொல்வானேன், முதல் நாள் முழுக்கத் தள்ளுவண்டியை எனக்கும் குதிரைகளுக்கும் நடுவில் அரணாக நிறுத்திக்கொண்டுதான் வேலை செய்தேன்.

கடைசிக் கொட்டடியில் சாம்பல் நிறக் கிழக்குதிரை ஒன்று நின்றது. வயது 27. லாயத்துக்கு உரிமையாளரான அம்மையார் அதை அழைத்த பெயர் என் நாக்கில் ஏறவே இல்லை. அந்த வயதைக் கேட்டபின் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூச்சமாக இருந்தது. ‘பெரியவர்’ என்று வைத்துவிட்டேன். “வாருங்கள் பெரியவரே, காலைக் கொஞ்சம் தூக்குங்கள்” என்றால் தூக்குவார். தமிழ் புரிந்ததா என்று கேட்காதீர்கள். குரலின் ஏற்ற இறக்கமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அம்மையாருக்கு அப்படிப் போதவில்லை. என் உச்சரிப்பைத் திருத்தாமல் அவரால் ஒரு வாக்கியத்தையும் கடக்க முடியாது. நடுவில் நிறுத்துவார், திருப்பிச் சொல்ல வைப்பார், தலையாட்டுவார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்கத் திருத்தப்படுகிறவனுக்கு மாலையில் வாய் திறக்கவே அலுப்பாக இருக்கும். அதனால் மறுநாள் பேச வேண்டியதை எல்லாம் பெரியவரிடம் ஒத்திகை பார்த்தேன். காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரிடம் நான் படித்த முதல் பாடம், எப்படி நெருங்குவது என்பது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். என் முதல் பனிப்பொழிவும் அவரோடுதான். நான் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நொண்டினார். லாடத்துக்குள் பனி இறுகி, குளம்புக்கு அடியில் உருண்டையாகத் திரண்டிருந்தது. என் முதல் பனியைக் கொக்கியால் சுரண்டி எடுத்தேன்.

அந்த மொழியில் நான் பேசிய முதல் தொலைபேசி அழைப்பும் அவருக்காகத்தான். அம்மையார் வெளியூர் போயிருந்த இரவு, பெரியவர் தரையைக் காலால் பறித்தார், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி முற்றினால் உயிருக்கே ஆபத்து. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 40 வரை துடிக்கலாம், 60 துடித்தது. மருத்துவரை அழைத்து அந்த எண்ணைச் சொன்னேன். இலக்கணம் எங்கே போயிற்றோ தெரியாது. அவர் திருத்தவில்லை, “உடனே வருகிறேன்” என்றார். அன்று பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் அவருடைய முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே உள்ள மூட்டுகளின் முன்புறத்தில், காயங்கள் தெரிந்தன. ஆறும், மறுபடி வரும். எங்கோ இடித்துக்கொள்கிறார் என்று கொட்டடி முழுக்க ஆணி தேடினேன். மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். மூட்டுவலி வந்த கிழக்குதிரை, படுத்தால் எழ முடியாது என்று அஞ்சிப் படுப்பதையே விட்டுவிடும். நின்றபடி உறக்கம் ஆழமாகும்போது முன்னங்கால்கள் மடங்கிச் சரியும், அடிபட்டு விழித்துக்கொள்ளும். எத்தனை வாரங்களாக அவர் தூங்காமல் இருந்தாரோ. தினமும் காலையில் அவரிடம் “நன்றாகத் தூங்கினீர்களா?” என்று ஒத்திகை பார்த்தவன் நான்.

வலிக்கு மருந்து கொடுத்தோம். சில வாரங்கள் தேறினார், பிறகு பழையபடி. பற்களும் தேய்ந்துவிட்டதால் புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே போட்டார். ஊசி போட்டு விடைகொடுப்பதை நிலம் உறையும் குளிர்காலம் வரைக்கும் தள்ளிப்போடுவது அவருக்குச் செய்யும் கொடுமை என்றார் மருத்துவர். அம்மையார் என்னைப் பார்த்தார். “தினமும் அவனோடு இருப்பவன் நீ. எந்த நாள் என்று நீயே சொல்.”

இந்த நாட்டில் அதுவரை என்னிடம் யாரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. படிவங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். என்னை நம்பி விடப்பட்ட முதல் முடிவு இதுவாகவா இருக்க வேண்டும்? இரண்டு நாள் பேசாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் காலை அவருடைய மூட்டில் புதிதாக இரத்தம். வியாழக்கிழமை என்று சொன்னேன். சொல் சரியாகத்தான் வந்தது.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. பிடரி மயிரை வாரிவிட்டு, அவருக்குப் பிடித்த மூலைக்கு அழைத்துப் போனேன். முதலில் மயக்க ஊசி. தலை தாழ்ந்து, என் மார்பில் பாரமாக இறங்கியது. மருத்துவர் என்னை விலகச் சொன்னார், சுமார் 500 கிலோ எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாதாம். இரண்டாவது ஊசி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரோடு ஒரே புல்வெளியில் மேய்ந்த பெண்குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டோம். காணாமல் போனதாக நினைத்துத் தேடிக் கனைத்துக்கொண்டிருக்காமல், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. முகத்தை முகர்ந்தது, கழுத்தை முகர்ந்தது, சற்று நேரம் நின்றது. பிறகு நாலடி தள்ளிப் போய்ப் புல் மேயத் தொடங்கியது. எனக்கு அதன்மேல் கோபம் வந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மையார் மெல்ல மண்டியிட்டு அவருடைய காதருகே குனிந்தார். தான் வைத்த பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன்.

“பேரியாவரே” என்றார்.

நான் கற்றுக்கொடுத்ததில்லை. உச்சரிப்பு தவறுதான். திருத்தவில்லை.