உவர்மலை விறாந்தையில் கேட்ட ‘ஜோதி’

சென்ற ஆண்டு லண்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் ‘ஜோதி’ என் கைக்கு வந்தது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் பெங்களூரின் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரியும் சேர்ந்து, 1983இல் ஜேர்மனியின் லுட்விக்ஸ்பேர்க் நகரில் பதிவுசெய்த இசைத்தட்டு அது. ஜாஸ் ரசிகர்களிலேயே பலர் அறியாதது. ஆனால் கல்லூரி நாட்களில் என்னுடன் மிருதங்கம் பயின்றவர்களுக்கு மனப்பாடம்.

திருகோணமலையில் ஜேர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் இயங்கிய காலத்தில், அங்கு வேலை செய்த ஒருவர் மூலம் அதன் கசெற் பிரதியொன்று எங்கள் ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. பிரதியிலிருந்து எடுத்த பிரதி. கீழ்ச்சுருதி ஒலிகள் அநேகமாக அழிந்துபோயிருந்தன. சேர் அதற்காகக் கவலைப்படவில்லை. எங்கள் நகரின் உவர்மலையில், விறாந்தைப் பாயில் அமர்ந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவைப் பசையை அப்பி, விளிம்பைப் பெருவிரலால் ஒதுக்கிவிட்டு, கசெற்றில் கேட்காத கும்கியை, அந்தப் பக்கத்தின் அடர்ந்த கீழொலியை, தாமே வாசித்து நிரப்புவார்.

“சேர், இது கச்சேரியா, வெள்ளைக்காரரின் இசையா?” என்று நாங்கள் கேட்டோம்.

“முதலில் அந்தச் சொற்கட்டை, தாளத்தின் சொற்கோவையை, வாயால் சொல்லுங்கள். பெயரைப் பிறகு வைக்கலாம்” என்றார்.

தகிட, தகதிமி என்று தொடையில் தாளம் போட்டபடி சொல்லிச் சொல்லித்தான் அந்த இசைக்குள் நுழைந்தோம். எங்கள் கச்சேரி மேடைகளில் மிருதங்கம் பாடகரைப் பின்தொடரும்; தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருக்கும். இங்கோ தாளமே வழிநடத்துகிறது. 1964இல் அந்தப் பெங்களூர்க் கல்லூரியைத் தொடங்கிய டி.ஏ.எஸ். மணி மிருதங்கம் வாசிக்கிறார். ராஜகோபாலின் கடமும் முகர்சிங்கும், சசிகுமாரின் கஞ்சிராவும் அவரோடு பேசுகின்றன. இருவரும் தாளச் சொற்களை வாயால் உச்சரிக்கும் கொன்னக்கோலும் சொல்கிறார்கள். மணியின் துணைவியார் ராமமணியின் குரல் இந்தத் தாளக்கட்டின் மேல் சற்றும் அவசரமின்றி நடக்கிறது.

மரியானோ 1923இல் பொஸ்டனில் பிறந்தவர், ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸுடன் வாசித்தவர், நாதஸ்வரமும் கற்றவர். அந்தப் பயிற்சி அவருடைய சுரங்களின் வளைவில் தெரிகிறது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த எங்கள் காதுக்கு அவர் அந்நியராகவே தோன்றவில்லை. கீழைத் தாளங்களை அலங்காரத்துக்கு மட்டும் தூவிக்கொள்ளும் கலப்பிசைத் தட்டுகள் எத்தனையோ உண்டு. இவர் அப்படியல்ல, தாளக்காரர்கள் பேசும்போது வாய்மூடிக் கேட்கிறார், இடம் கிடைத்த பிறகே வாசிக்கிறார்.

1990இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில் கசெற் தொலைந்தது, வகுப்பும் சிதறியது. சேர் இப்போது இல்லை. மரியானோ 2009இலும் மணி 2020இலும் மறைந்தார்கள்.

லண்டனில் வாங்கிய தட்டை வீட்டில் சுழலவிட்டபோது, அந்தக் கும்கியை முதன்முறையாக மணியின் கையிலிருந்தே கேட்டேன். சேர் நிரப்பிக் காட்டிய இடங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. பதிவில் இல்லாததைச் சொற்கட்டின் கணக்கை மட்டும் வைத்துக் கண்டறிந்த அந்த ஞானத்துக்கு எங்கள் ஊரில் எவரும் பொன்னாடை போர்த்தவில்லை.

நமது சங்கச் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலில் அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். தட்டை நான் கொண்டுவருகிறேன். சேரிடம் பயின்றவர்கள் எங்கிருந்தாலும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள். அந்தத் தட்டிலுள்ள ‘சப்தரிஷி’க்கு எல்லோருமாகச் சேர்ந்து தாளம் போடுவோம்.