பாறைக்குள் இறங்கிய ஏணி

எட்டாம் வகுப்பில், மழையால் விளையாட்டுப் பாடம் நின்றுபோன ஒரு பிற்பகலில், எங்கள் புவியியல் ஆசிரியர் தமது சொந்தப் புத்தகமொன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்த ஒரு படத்தை மேசையில் விரித்து வைத்தார். பெரிய குகையொன்றின் அடியை நோக்கி, மரத்தண்டுகளைக் கொடிகளால் பிணைத்துச் செய்த, ஏறத்தாழ 12 அடி அகலமான ஏணி இறங்கியது. தண்ணீர் சுமந்த மனிதர்கள் அதில் எறும்புச் சாரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். "இது மெக்சிக்கோவின் பொலோன்சென் என்ற ஊர். நம் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை நினைத்துக்கொண்டு பாருங்கள்" என்றார் ஆசிரியர். அந்த ஊர் இருக்கும் யுகடான் தீபகற்பமும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் என்பதையும், பெய்த மழை கல்லைக் கரைத்துக்கொண்டு கீழே தேங்குவதையும் அன்று விளங்கிக்கொண்டேன். ஊர்க் கிணறுகள் கோடையில் வற்றியதும், அந்த மக்கள் குகைக்குள் இறங்கியே தண்ணீர் அள்ளினார்கள்.

அமெரிக்க வழக்கறிஞர் ஜோன் லொயிட் ஸ்டீபன்ஸ் எழுதி, 1843இல் நியூயோர்க்கில் இரு தொகுதிகளாக வெளிவந்த யுகடான் பயணநூல் (Incidents of Travel in Yucatan) தான் ஆசிரியர் கொண்டுவந்த அந்தப் புத்தகம். ஆங்கிலேய ஓவியர் ஃபிரெடெரிக் கதர்வுட்டின் கைவண்ணத்தில் 120 படங்கள் உள்ளன. உஷ்மால், கபா, சிச்சென் இட்சா என மாயா மக்களின் பழைய நகரங்கள் உள்ளிட்ட 44 இடிபாடுகளைக் காய்ச்சலோடும் கொசுக்கடியோடும் கண்டு எழுதியிருக்கிறார்கள். எகிப்தியர் கட்டினர், தொலைந்துபோன இஸ்ரவேலர் கட்டினர் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இவற்றை எழுப்பியவர்கள் அங்கேயே வாழும் மக்களின் முன்னோரே என்று கற்களை நேரில் ஆராய்ந்து வாதிட்டவர் ஸ்டீபன்ஸ். இந்நூலை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அதுவே. ஆயினும், உஷ்மாலில் எழுத்துகள் செதுக்கப்பட்ட மரச்சட்டத்தை அவர் பெயர்த்து நியூயோர்க்குக்குக் கொண்டுபோனதை என்னால் ஏற்க முடியவில்லை. 1842இல் கதர்வுட்டின் காட்சிமண்டபம் தீப்பற்றியபோது அச்சட்டமும் அவருடைய ஓவியங்கள் பலவும் எரிந்துபோயின. இருந்த இடத்தில் விட்டிருந்தால் இன்றும் அது இருந்திருக்கக்கூடும்.

முதற்பதிப்பு எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை கைக்கு எட்டாது. 1963இல் டோவர் நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்பைப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். இரண்டு தொகுதிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சுருக்கப் பதிப்புகளைத் தவிருங்கள். ஆசிரியரின் பிரதி இடப்பெயர்வில் தொலைந்தது. பல ஆண்டுகள் தேடி வாங்கிய என் பிரதியை, வாசிக்க விரும்பும் சங்க உறுப்பினர் எவருக்கும் அஞ்சலில் அனுப்பிவைப்பேன். ஏணிப் படமுள்ள பக்கத்தில் ஒரு நூலிழை வைத்திருக்கிறேன்.